மடவளைக்கு வரும் வின்சர் மனைவியர்

நாட்டுப்புறப் பெண்களை வைத்து எழுதப்படும் நகைச்சுவை நாடகங்களிற் சிரிப்பவர் வேறு, சிரிக்கப்படுபவர் வேறு. பேராதனை நன்கறிந்த எடுத்துக்காட்டொன்று உண்டு. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1959இல் ஆக்கிய ‘எலொவ கிஹின் மெலொவ ஆவா’ ஒரு நாட்டார் கதையை அடியொற்றியது. மறுவுலகம் சென்று மீண்டதாக வேடிக்கையாய்ச் சொன்ன பிச்சைக்காரனிடம், இறந்துபோன தன் மகளின் சுகத்தை விசாரிக்கிறாள் ஒரு தாய். அவளை அங்கே மணந்தவன் தானே என்கிறான் அவன். தாய் நகைகளை எடுத்துக் கொடுத்தனுப்புகிறாள். அரங்கு சிரிக்கிறது. அச்சிரிப்பின் அடியிற் கிடப்பது பிள்ளையை இழந்தவளின் ஏக்கம் என்பதைச் சற்று நின்று நோக்குவோர் உணர்வர்.

பெண்ணே சூத்திரதாரியாக அமையும் நாடகம் எது என்று தேடுமிடத்து, 1602இல் முதன்முதலாக அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘வின்சரின் குதூகல மனைவியர்’ கைக்கு வருகின்றது. அரசரும் போர்க்களமும் இல்லாத ஒரு சிற்றூர். பணமுடை கொண்ட கிழட்டுப் பிரபு போல்ஸ்டாப், இரு குடும்பப் பெண்களுக்கு ஒரே வாசகத்திற் காதற் கடிதம் எழுதுகிறான். தோழியர் இருவரும் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். பின்னர் நிகழ்வதெல்லாம் அவர்கள் போடும் திட்டமே. இதனை மடவளையில், மடவளையின் பேச்சிலேயே மேடையேற்றினால் என்ன?

கண்டியிலிருந்து வத்துகாமம் செல்லும் வழியில், முஸ்லிம்கள் செறிந்து வாழும் கடைத்தெருவூர் மடவளை. வணிகம் அதன் உயிர்நாடி. ஒரு வீட்டுச் செய்தி மறுவீட்டை அடைவதற்கு அங்கே கடிதமும் வேண்டுவதில்லை. வின்சரும் அத்தகைய ஊரே. அழுக்குத் துணிக் கூடைக்குள் ஒளித்துத் தேம்ஸ் நதிக்கரையில் வீசப்படும் போல்ஸ்டாப்பை இங்கே மிளகுச் சாக்குகளின் நடுவே லொறியில் ஏற்றி அனுப்பலாம்; தும்மல் இலவசமாகக் கிடைக்கும்!

மொழியே முதற் சிக்கல். இந்நாடகம் பெரும்பாலும் உரைநடையாலானது. அன்றாடப் பேச்சே அதன் பலம். ஈழத்துத் தமிழ் நாடகத்திற் பேச்சு வழக்குக்கு மதிப்புத் தேடித் தந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. 1940இல் வெளிவந்த அவரது ‘நானாடகம்’ யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பேசுகிறவாறே எழுத்தில் வடித்தது. ‘உடையார் மிடுக்கு’ முதலிய அந்நாடகங்களைச் செந்தமிழிற் பெயர்த்தால் எஞ்சுவது சக்கையே. அவர் பருத்தித்துறைக்குச் செய்ததை மடவளைக்குச் செய்யத் துணிபவர், ‘சொன்னான்’ என்பது ‘சென்னான்’ ஆவதையும், ‘இருக்கிறது’ என்பது ‘ஈக்கி’ ஆவதையும் கூச்சமின்றி மேடையில் ஒலிக்கவிட வேண்டும். ராத்தாவும் சாச்சியும் உம்மாவும் தத்தம் குரலிற் பேச வேண்டும். வானொலியிலும் மேடையிலும் முஸ்லிம் தமிழ் என்றாலே கோமாளியின் தமிழ் என்றொரு வழக்கம் இருந்துவந்தது. அறிவிற் சிறந்த பாத்திரங்களே அத்தமிழைப் பேசினால் அவ்வழக்கம் தானே தளரும்.

அடுத்தது, பெண் வேடத்தை யார் தாங்குவது? ஷேக்ஸ்பியர் காலத்திற் பையன்களே தாங்கினர். 1660க்குப் பின்னரே இங்கிலாந்தின் பொது அரங்கிற் பெண்கள் தோன்றினர். நம் கூத்திலும் ‘ஸ்திரீபார்ட்’ ஆடவர்க்கே உரியதாயிருந்தது. மடவளையில் இவ்வழி பொருந்தாது. ஆண் ஒருவன் உம்மா வேடம் பூண்டால் நாடகம் மீண்டும் பெண்களைப் பார்த்துச் சிரிப்பதாகிவிடும். பெண்கள் மட்டுமே நடித்து, பெண்கள் மட்டுமே காண்பது சாலச் சிறந்தது. தொப்பை கட்டிய போல்ஸ்டாப்பாக ஒரு மாணவி உலாவும்போது எழும் சிரிப்பு எந்த ஆடவனாலும் எழுப்பவொண்ணாதது. கணவன்மார் தாம் காணாத நாடகத்தைப் பற்றி ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருப்பர். பொறாமையே உருவான போர்ட் என்னும் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் இல்லை.

ஒரு காட்சியை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். மூலத்திற் போல்ஸ்டாப் கிழவி வேடமிட்டுத் தப்ப முயன்று அடிவாங்குகிறான். அதை இங்கே முகம் மூடிய உடையாக்கிக் காட்ட ஓர் இயக்குநருக்கு ஆசை பிறக்கலாம். 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றூர்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், அவசரகால விதிகளின் கீழ் முகத்திரை தடைசெய்யப்பட்டது. அவ்வுடைக்காக வீதியில் ஏச்சு வாங்கியவர்கள் அவையில் அமர்ந்திருக்கையில், அதற்குள் ஒருவனைப் போட்டு அடிப்பது நகைச்சுவையாகாது. வெற்றிலை விற்கும் கிழவியின் வேடம் போதும்.

இந்நாடகத்தின் இதயமோ வேறிடத்தில் இருக்கின்றது. பேஜ் தம்பதியர் தம் மகள் ஆனுக்கு ஆளுக்கொரு மாப்பிள்ளை பார்க்கின்றனர். ஊரையே ஏமாற்றிய தாய், மகள் விடயத்தில் மட்டும் வழமையான தாயே. மகளோ இருவரையும் ஏமாற்றித் தான் விரும்பியவனைக் கைப்பிடித்து வந்து நிற்கிறாள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், பதிவின்போது மணமகளின் கையொப்பத்தை வேண்டி நிற்கவில்லை; வலீயின் கையொப்பமே போதுமாயிற்று. இதனை அறிந்த அவைக்கு ஆனின் துணிவு வெறும் குறும்பாகத் தோன்றாது. அறிஞர் சித்திலெவ்வை 1891இற் கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கெனப் பாடசாலை அமைத்தார். எழுதக் கற்ற கை எதில் எழுதுவது என்ற வினா அன்றே தொடங்கிவிட்டது. இக்காட்சியில் வசனம் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ஆனின் கையில் ஒரு பேனை இருந்தாற் போதும்.

இறுதியில் எவரும் துரத்தப்படுவதில்லை. போர்ட் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான். பேஜ் குடும்பத்தார் மருமகனை ஏற்கின்றனர். திருமதி பேஜ், அவமானப்பட்ட போல்ஸ்டாப்பையும் சேர்த்தே எல்லோரையும் தன் வீட்டு அடுப்பருகே வந்திருந்து சிரிக்க அழைக்கிறாள். மடவளை வீட்டில் அந்நிய ஆடவனை அடுப்படிவரை அழைத்தல் ஆகாது. இஸ்தோப்பிலே அவனுக்கொரு கதிரை போட்டுவிடலாம். தேநீர் உள்ளிருந்து வரும், சிரிப்பும் அதனோடு கேட்கும்.