ஐந்தாம் மெட்டு

திருத்துவது எளிது, எதைத் திருத்த வேண்டும் என்று அறிவதே அரிது. மறையுரை மேடையில் பல்லாண்டுகள் நின்று பேசிய பின்னரே இவ்வுண்மை நமக்குப் புலப்பட்டது. அதனை நமக்குக் கற்பித்தவர் இறையியல் பேராசிரியர் அல்லர். ஒரு முதிய சுரங்கத் தொழிலாளி. கற்பித்த நூல், ஒரு மரப்பெட்டியின்மேல் பதித்திருந்த சிறு கம்பித் துண்டு.

2009 முதல் 2013 வரை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கே அப்பலாச்சியன் மலைத்தொடரின் மடியில் அமைந்த ஒரு சிறு பங்கில் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நிலக்கரி வெட்டி வாழ்ந்த மலைமக்களின் பகுதி அது. கத்தோலிக்கர் அங்கே மிகச் சிலரே. நம் ஆலயத்திற்கு வந்த முதியவர் ஒருவர் ஞாயிறுதோறும் நீண்டதோர் இசைக்கருவியைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போல் ஏந்தி வருவார். டல்சிமர் என்பது அதன் பெயர். அவருடைய தந்தை தம் கையால் செய்தது.

உடுக்கையைப் போல் இடை சிறுத்த, ஒடுங்கிய பெட்டி. அதன் முதுகின்மேல் நெடுகிலும் ஒரு கட்டை. கட்டையின்மேல் மூன்று தந்திகள். மடியில் கிடத்தி, இடக்கையில் பிடித்த சிறு குச்சியால் ஒரே ஒரு தந்தியை மட்டும் அழுத்தியும் தேய்த்தும் பண்ணை எழுப்புவர். வலக்கை இறகால் மூன்று தந்திகளையும் மீட்டும். அழுத்தப்படாத இரு தந்திகள் ஓயாமல் சுருதி கூட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த ஷைட்ஹோல்ட் என்னும் கருவியே இதன் முன்னோடி என்பர். அக்கருவியை மிக்கேல் பிரிட்டோரியஸ் என்னும் இசையறிஞர் 1619ஆம் ஆண்டிலேயே தம் நூலில் குறித்துள்ளார். மலைக்குடிசைகளில் ஒதுங்கிக் கிடந்த டல்சிமரை வெளியுலகம் அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர், அதே கிழக்குக் கென்டக்கியில் பதினான்கு மக்களுள் கடைக்குட்டியாகப் பிறந்த ஜீன் ரிட்சி அம்மையார் (1922–2015).

வீணையைப் போல் இதற்கும் மெட்டுகள் உண்டு. ஆனால் வீணையில் பன்னிரண்டு சுரங்களுக்கும் மெட்டு இருக்க, பழைய டல்சிமரிலோ பாட்டுக்கு வேண்டிய ஏழு சுரங்களுக்கு மட்டுமே மெட்டு. அம்முதியவரின் சுருதிக் கூட்டு மலைமக்களின் பழைய முறை: பெருந்தந்தி சட்ஜம், நடுத்தந்தி பஞ்சமம், பண் தந்தியும் பஞ்சமம். மூன்றாம் மெட்டில் மேல் சட்ஜம் பிறக்கும், நான்காவதில் ரிஷபம், ஐந்தாவதில் காந்தாரம். நம் சங்கராபரணம் அங்கே அப்படியே கிடக்கிறது! கம்பியை வளைத்து, பண் தந்தியின் கீழ் மட்டும் ஆணிபோல் அறைந்த மெட்டுகள் அவை. அவருடைய தந்தை அவற்றை அளவுகோல் கொண்டு வைக்கவில்லை. சுருதியை மீட்டிக்கொண்டே, காது இசைந்த இடத்தில் அறைந்தாராம்.

2011ஆம் ஆண்டு தவக்காலத்தில், பாஸ்குத் திருவிழிப்புக்கான பாடல் ஒத்திகையில்தான் சிக்கல் எழுந்தது. ஆலயத்தின் மின்னணு ஆர்கனோடு டல்சிமரும் சேர்ந்து ஒலித்தபோது ஏதோ உறுத்தியது. பாடல் திரும்பத் திரும்பக் காந்தாரத்தில் வந்து நின்றது. நின்ற போதெல்லாம் கருவி தாழ்ந்து ஒலித்தது. குருமடத்தில் ஆர்மோனியம் பழகிய நம் காது உடனே தீர்ப்பு வழங்கியது. போதாக்குறைக்குச் சுருதி அளக்கும் சிறு மின்னணுக் கருவி ஒன்றும் நம் கைவசம் இருந்தது. வைத்துப் பார்த்தோம். அரைச்சுர இடைவெளியை நூறு கூறாக்கினால் பதினான்கு கூறு தாழ்வு என்று முள் காட்டியது. "உங்கள் ஐந்தாம் மெட்டு பிழையான இடத்தில் இருக்கிறது, குதிரையை நோக்கிச் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும்" என்றோம். பலர் முன்னிலையில் சொன்னோம். முதியவர் முள்ளைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "அப்படியே செய்கிறேன், ஃபாதர்" என்றார்.

செய்தும் விட்டார். மறுவாரம் ஆர்கனோடு இசை ஒத்துப்போயிற்று. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் பாஸ்கு முடிந்த வாரத்தில், அவருடைய நோயுற்ற மனைவிக்கு நற்கருணை வழங்க வீட்டிற்குச் சென்றபோது, அம்மையார் தம் கணவரை ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். அவர் தயங்கினார். பின்பு வாசித்தார். ஆர்கன் இல்லாத அந்தச் சிற்றறையில், காந்தாரம் வந்தபோதெல்லாம் ஓசை நடுங்கியது. சுருதித் தந்தியும் பண் தந்தியும் ஒன்றோடொன்று உரசித் துடித்தன. நோயாளி கண்களை மூடிக்கொண்டார். "இது மாமாவின் கருவிபோல் இல்லையே" என்று மெல்லக் கூறினார். முதியவர் நம் முன்னே ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம்மைக் குற்றஞ்சாட்டாத அந்த மௌனமே நம்மைச் சுட்டது.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தோம். தூய காந்தாரம் சட்ஜத்தோடு ஐந்துக்கு நான்கு என்னும் விகிதத்தில் நிற்பது. 70 செ.மீ. நீளமுள்ள பண் தந்தியில், அதன் தொடக்கத்திலிருந்து சரியாக ஐந்தில் இரண்டு பங்கில், அதாவது 28 செ.மீ. தொலைவில், அச்சுரம் பிறக்கும். (அழுத்தும்போது தந்தி சற்று இறுகுவதால் குதிரையைச் சிறிது பின்தள்ளி வைத்து அதனை ஈடுசெய்வர்; அது வேறு கணக்கு.) ஆர்கனிலோ, எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் பாடமுடிய வேண்டும் என்பதற்காகச் சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரை பன்னிரு சமபங்காகப் பகுத்திருக்கின்றனர். அக்கணக்கின்படி மெட்டு 28.4 செ.மீ. அருகே வரவேண்டும். வேறுபாடு நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. முள் பொய் சொல்லவில்லை. ஆர்கனின் அளவைத்தான் சொன்னது. பிழை என்று நாம் கருதியது, காதால் மட்டுமே கண்டடைந்த தூய்மை. தம்பூராவின் நாட்டிலிருந்து சென்ற நாம், சுருதியைத் தாயென்று போற்றும் மண்ணில் பிறந்த நாம், அதைக் கேட்கத் தவறினோம் என்பதே பெரிய வெட்கம்.

அப்படியாயின் ஆர்கன் பொய்யானதா? அன்று. அதன் அமைப்பில் ஓர் அறமும் உண்டு. எல்லாரும் சேர்ந்து வாழ வேண்டுமென்று ஒவ்வொரு சுரமும் தன் தூய்மையில் சிறிது விட்டுக்கொடுக்கிறது. குடும்பமும் பங்குச் சமூகமும் அவ்வாறே நிலைக்கின்றன. நம் குற்றம் ஒத்துப்போகச் சொன்னது அன்று. ஒத்துப்போகும் பாரம் முழுவதையும் ஒருவர் தலைமேலேயே சுமத்தியது. ஆர்கன் ஒரு பாடலுக்கு வாய்மூடியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றவேயில்லை. குழாய் ஆர்கனை உயர்வாக மதிக்கச் சொல்லும் அதே இடத்தில், பிற இசைக்கருவிகளுக்கும் வழிபாட்டில் இடமளிக்கலாம் என்று 1963இல் வெளியான திருவழிபாட்டு ஏடு கூறுவதைக் குருமடத்திலேயே படித்துத் தேர்வும் எழுதியவர்கள்தாமே நாம்!

பங்குகளில் நாம் செய்யும் திருத்தங்கள் எத்தனை இவ்வகையின! ஒரு பாட்டியின் செபமாலை முறை, ஒரு கிராமத்தின் ஒப்பாரி, ஓர் ஏழையின் காணிக்கை வழக்கம். கையிலுள்ள முள்ளை வைத்துப் பார்க்கிறோம், "தாழ்வு" என்கிறோம். அவர்களுடைய வாழ்வின் அடியில் ஓயாமல் ஒலிக்கும் சுருதி எது என்று செவிசாய்த்தோமா? பாவத்தைப் பாவமென்று சொல்லத்தான் வேண்டும். கட்டளைகள் நம் காதின் பழக்கத்தைச் சார்ந்தவை அல்ல. ஆனால் நம் காதின் பழக்கத்தையே கட்டளையாக்கும் சோதனை, அதிகாரம் உடையோர் அனைவர்க்கும் உண்டு.

மறுநாள் சென்று மன்னிப்புக் கேட்டோம். முதியவர் சிரித்தார். குறடும் சுத்தியும் எடுத்து வந்து, நம் கண்ணெதிரே அந்தக் கம்பியைப் பிடுங்கிப் பழைய துளைகளில் மீண்டும் அறைந்தார். ஒருமுறை பிடுங்கிய துளை முன்போல் இறுகப் பற்றவில்லை. சிறிது பசை தேவைப்பட்டது. மீட்டினார். காந்தாரம் சுருதியில் கரைந்து ஒன்றாயிற்று. உள்ளறையிலிருந்து அம்மையார், "இதோ!" என்றார்.

அடுத்து வந்த பெந்தெகோஸ்து ஞாயிறன்று, நற்கருணைப் பாடலின்போது ஆர்கன் மௌனம் காத்தது. டல்சிமர் தனியே பாடியது. அதன் முதுகில், ஐந்தாம் மெட்டுக்குச் சற்று அப்பால், இரு சிறு வெற்றுத் துளைகள் தெரிந்தன. அவற்றை மரத்தூளால் அடைத்துவிடுமாறு கூறினோம். "இருக்கட்டும், ஃபாதர், ஓசையை அவை கெடுக்கவில்லை" என்றார் அவர். இன்று யாரையேனும் திருத்த நம் வாய் திறக்கும் முன், அவ்விரு துளைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. வரட்டும் என்றே ஆண்டவரை மன்றாடுகிறோம்.