ஊர் தேர்ந்தெடுத்த பெண்

பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி இன்னும் கூடும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. நான் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த நாட்களில் எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த நம்பிக்கை பலமாகவே இருந்தது. உச்சிக்குழி அமுங்கி, கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தோஷம் தட்டிவிட்டது என்று மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியில் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்க இதைக் கலக்கிக் கொடுத்தால் போதும். எந்த ஏழை வீட்டிலும் கிடைக்கும் பொருள்கள்தான். சீருடையில் போய் நான் சொல்லும்போது தலையாட்டுவார்கள். நான் தெரு திரும்பியதும் பழைய கதைதான். அதையே பிள்ளைகள் பெற்று வளர்த்த பக்கத்து வீட்டு அக்கா சொன்னால், உடனே அடுப்பில் தண்ணீர் ஏறும்.

இதை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். அதனால்தான் இளைய செவிலியர்கள் யார் என்னைப் பார்க்க வந்தாலும் அவர்களுக்கு ஜாம்கேட்டின் கதையைச் சொல்கிறேன்.

ஜாம்கேட் மகாராஷ்டிரத்தில், இன்று அகில்யாநகர் என்று பெயர் மாறியிருக்கும் அகமதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மழை பொய்க்கும் பூமி. ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதியர் 1970இல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இருவரும் நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அதற்கு முன் ஒரு கிராமப்புற மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது, குணமாக்கி அனுப்பியவர்களே மறுபடியும் அதே நோயோடு வருவதைக் கண்டார்கள். நோய் ஊரில் இருக்கிறது, நாம் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. அமெரிக்கா சென்று பொது சுகாதாரம் படித்துவிட்டு, வேறு எங்கும் போகாமல் ஜாம்கேட்டுக்கு வந்தார்கள்.

ஊர்க்காரர்களைக் கூட்டி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மருத்துவம் வேண்டும் என்று யாரும் முதலில் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும், சோறு வேண்டும் என்றார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தையே உலுக்கிய பெரும் பஞ்சம் வந்தது. ஆரோலே தம்பதியர் குழந்தைகளுக்குச் சமையற்கூடங்கள் அமைப்பதற்கும் ஆழ்துளைக் கிணறுகள் போடுவதற்கும் ஊரோடு சேர்ந்து நின்றார்கள். அந்தக் கிணறுகளைத் தலித் மக்களின் குடியிருப்புகளில் போடவைத்தார்கள். மேல்சாதிக்காரர்கள் தண்ணீருக்கு அங்கேதான் வந்தாக வேண்டும். ஒரு ஊரின் நோயைத் தீர்க்க நினைப்பவர் அந்த ஊரின் சாதியைக் கண்டும் காணாமல் போக முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் செய்துகாட்டியவர்களை நான் அறியேன்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிக நெருக்கமானது. முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களை ஊர்களில் தங்கவைத்துப் பார்த்தார்கள்; சரிப்படவில்லை. வெளியூர்ப் பெண் தனியாக ஊரில் தங்கத் தயங்கினாள், ஊர்ப் பெண்களும் அவளிடம் மனம்விட்டுப் பேசவில்லை. எனவே ஒவ்வொரு ஊரும் தன் பெண்களில் ஒருத்தியைத் தானே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் தலித் பெண்கள். கணவன் கைவிட்டவர்களும் இருந்தார்கள். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து கற்றார்கள். எல்லாச் சாதிப் பெண்களும் ஒன்றாக உண்டு, ஒரே கூடத்தில் உறங்கினார்கள். வந்த புதிதில் அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள் என்று படித்திருக்கிறேன். நம் ஊர்களில் இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்றே வாழ்ந்து முடித்த பெண்களை அறிந்த எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

கர்ப்பிணியின் கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்தசோகையைக் கண்டுபிடிப்பது, காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது, பிரசவத்துக்கு முன் கையை எப்படிக் கழுவுவது, தொப்புள்கொடியைச் சுத்தமான பிளேடால் அறுப்பது, குழந்தையை மாதாமாதம் எடை போடுவது, நாள்பட்ட இருமலைக் காசநோயோ என்று சந்தேகிப்பது, தோலில் உணர்வற்ற தேமலைக் கண்டால் தொழுநோயா என்று பார்ப்பது, இவையெல்லாம் கற்றார்கள். தன் கைக்கு மீறியது எது, எப்போது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கற்றார்கள். அரைகுறை அறிவு ஆபத்து என்று சில மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேரத்தோடு அனுப்பத் தெரிந்தவளிடம் இருப்பது அரைகுறை அறிவாகாது. ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. அதில் போன உயிர்களை என் கண்ணால் பார்த்தவள் நான்.

ஜாம்கேட் பகுதியில் 1971இல் ஆயிரம் குழந்தை பிறந்தால் 176 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. கால் நூற்றாண்டில் அது முப்பதுக்கும் கீழே இறங்கியது. பெரிய எந்திரங்கள் அதைச் செய்யவில்லை. 1979இல் ஆரோலே தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. மேபெல் 1999இலும் ரஜனிகாந்த் 2011இலும் காலமானார்கள். அவர்கள் போன பிறகும் வேலை நடக்கிறது. ஏனென்றால் வேலை ஊரின் கையில் இருந்தது.

நம் மாநிலத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. தர்மபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கு, பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஊர்க்காரர்கள் கட்டித் தந்த குடிசை ஒன்றில் தொடங்கினார்கள். அப்போது அங்கே குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 147. பின்னாளில் இருபது வாக்கில் வந்தது. அந்த மக்களின் பிள்ளைகளையே செவிலியராக்கினார்கள், ஊருக்கு ஒரு மூத்த பெண்ணைச் சுகாதாரத் துணையாளராக்கினார்கள். வயலில் வருமானம் இல்லாத வீட்டில் மருந்து நிலைக்காது என்று கண்டு இயற்கை விவசாயிகள் சங்கத்துக்கும், லம்பாடிப் பெண்களின் பழைய பூத்தையலுக்கும் தோள் கொடுத்தார்கள்.

இன்று நம் ஊர்களில் பேதியால் சாகும் பிள்ளை அரிது. பிரசவம் பெரும்பாலும் மருத்துவமனையில்தான். இதில் என் தலைமுறைச் செவிலியர்களின் நடையும் வியர்வையும் உண்டு, அதற்காகப் பெருமைப்படுகிறேன். ஆனால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் திண்ணைக்குத் திண்ணை உட்கார்ந்துவிட்டன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் அளவு பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். தெரிந்த முகம் வாசலில் வந்து நிற்கிறது, அது பெரிது. ஆனாலும் எனக்கு ஒரு குறை. அந்தப் பெண் குறித்துக்கொள்ளும் கணக்கு மேலே போகிறது. ஊருக்குள் யாரும் அதைப் பேசுவதில்லை. இத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, ரேஷன் அரிசியையே மூன்று வேளையும் தின்கிறோம், கேழ்வரகும் கம்பும் எங்கே போயின, டாஸ்மாக் எவ்வளவு குடும்பங்களைக் குடித்திருக்கிறது என்று ஊர் கூடிப் பேசினால்தான் மாத்திரையின் எண்ணிக்கை குறையும். அந்தத் தன்னார்வலரை மாத்திரை கொண்டுவருபவராக மட்டும் வைத்திருக்கக் கூடாது. ஊரின் உடம்பைப் பற்றி ஊருக்கு எடுத்துச் சொல்பவராக அவரை உட்காரவைக்க வேண்டும்.

அதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ், ஊராட்சிதோறும் சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு இருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஊர் தன் தேவைக்கேற்பச் செலவிட ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதியும் அதற்கு ஒதுக்கப்பட்டது. தன் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்த பெண்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தாய்மாரே, அடுத்ததற்குப் போங்கள். வருகைக் கையெழுத்தோடு திரும்பிவிடாமல் எழுந்து நின்று கேளுங்கள். சுகாதாரக் குழு கடைசியாக எப்போது கூடியது, பணம் எதற்குச் செலவானது, குடிநீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள், அங்கன்வாடியில் எடை குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர்? செவிலியர் பிள்ளைகளே, அவர்கள் கேட்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பதில் வராவிட்டால் தீர்மானமாக எழுதச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் அதிலிருந்தே தொடங்குங்கள்.