சென்ற வருட வெட்டுப்புள்ளி



உயர்தரப் பெறுபேறு வந்ததிலிருந்து ஊரில் ஒரே கேள்விதான்: "மகளுக்கு இஸட் எவ்வளவு? கம்பஸ் கிடைக்குமா?" ஆசிரியர்களாகிய நாமும் சென்ற வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். அப்படி நாம் சொன்ன ஒரு பிழையான தீர்ப்பைப் பற்றியதே இந்தப் பதிவு.

சில வருடங்களுக்கு முன், உயிரியல் பிரிவில் படித்த நம் பிள்ளை ஒருத்தியின் இஸட் புள்ளி, நமது மாவட்டத்துக்கான முந்திய வருட மருத்துவ வெட்டுப்புள்ளியை விடச் சற்றுக் குறைவு. "மருத்துவத்தை முதலில் போட்டால் அதுவும் இல்லாமல் மற்றதும் இல்லாமல் போகும்" என்று சொல்லி, பல் மருத்துவத்தை முதலாவதாக எழுத வைத்தோம். அந்த வருடம் மருத்துவ வெட்டுப்புள்ளி அவளது புள்ளிக்கும் கீழே இறங்கியது. அவளுக்குக் கிடைத்ததோ நாம் எழுத வைத்த முதல் தெரிவு.

விளங்கிக்கொள்வோம். அந்த வருடம் அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதே இஸட் புள்ளி. மூன்று பாடங்களினதும் சராசரிதான் பெறுபேற்றில் வருகிறது. மூன்று ஏ எடுத்த இருவருக்கு வேறு வேறு இஸட் வருவது அதனால்தான். வெட்டுப்புள்ளியும் யாரும் முன்கூட்டியே தீர்மானிப்பதல்ல. கடைசி இடத்தைப் பெற்ற பிள்ளையின் புள்ளிதான் அது. ஆகவே சென்ற வருடப் பட்டியல் ஒரு அடையாளம் மட்டுமே, முடிவல்ல.

கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து நம் பிள்ளைகள் மனம் உடையவும் தேவையில்லை. பெரும்பாலான பாடநெறிகளில் 40% இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55% சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5% பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம் எல்லாம் அந்த 16க்குள் அடங்கும்.

முக்கியமானது இதுதான். மானியங்கள் ஆணைக்குழு பிள்ளை எழுதிய ஒழுங்கில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருகிறது. முதல் தெரிவு கிடைக்காவிட்டால் இரண்டாவதற்கான வாய்ப்பு குறைவதில்லை. ஆனால் மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே இருப்பது கிடைக்காது. எனவே விருப்பப்படி எழுதுங்கள். நிச்சயமாகக் கிடைக்கும் என்று நினைப்பவற்றைக் கடைசியில் சேருங்கள். அந்தந்த வருடக் கைநூலைப் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து வாசியுங்கள்.

அந்தப் பிள்ளை விடுமுறைக்கு வந்தபோது நாம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சேர், நீங்க நல்லதத்தானே நெனச்சீங்க" என்றாள். ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போதெல்லாம் படிவத்தோடு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் இஸட் கேட்பதில்லை. "உனக்கு என்ன படிக்க விருப்பம் மகள்?" என்றுதான் கேட்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் துஆச் செய்வோம்.