புதன்கிழமைப் படகு

அனாபொலிஸில் புதன்கிழமை சாயங்காலம் யாருக்கும் பல்வலி வரக் கூடாது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம்வரை, அந்த ஊர்ப் பல் மருத்துவர்களில் ஒருவராவது நாலரை மணிக்கே கடையைக் கட்டிவிட்டுப் பாய்மரப் படகுப் பந்தயத்துக்காகப் படகுத்துறைக்குப் போய்விடுகிறார். நான் ஏறியது அவருடைய படகில்தான். "வலித்தால் வியாழன்வரை கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்" என்றான் என் நண்பன். அவனும் அன்று அலுவலகத்தில் ஏதோ ஒரு கூட்டத்தைத் தட்டிக்கழித்துவிட்டுத்தான் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

வாஷிங்டனிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம்கூட ஆகாது. மேரிலாந்து மாநிலத்தின் தலைநகரம் என்று பெயர். மக்கள்தொகையில் நம் கும்பகோணத்தில் பாதிகூட இல்லை. 1783 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் படைத்தலைவர் பதவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய மண்டபம் இங்கே இருக்கிறது. 1845-இல் தொடங்கிய கடற்படைக் கல்லூரி இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரு பகலில் பார்த்து முடித்துவிடலாம். ஊரின் உயிர் அங்கே இல்லை, தண்ணீரில் இருக்கிறது. செவர்ன் ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடம் இது. விரிகுடா 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தாலும் சராசரி ஆழம் ஆறேழு மீட்டர்தான். அதனால் காற்று கொஞ்சம் எழும்பினாலே அலைகள் குட்டையாக, மூச்சுவிட நேரம் தராமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அறைகின்றன.

நண்பன் காரை நிறுத்த இடம் தேடிப் போன நேரத்தில் நகரத் துறையில் நின்றேன். ஒருவர் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்து மூன்று குழந்தைகளுக்குக் கதை சொல்லும் வெண்கலச் சிலைகள் அங்கே இருக்கின்றன. கதை சொல்பவர் அலெக்ஸ் ஹேலி. தமிழில் 'ஏழு தலைமுறைகள்' படித்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். தன் மூதாதை குண்டா கிண்டேயை அடிமையாகச் சுமந்துவந்ததாக அவர் எழுதிய கப்பல் 1767-இல் வந்து சேர்ந்த ஊர் இதுதான். சிலைகளின் பக்கத்திலேயே ஐஸ்கிரீமோடு ஒரு குடும்பம் பந்தயம் பார்க்க இடம் பிடித்துக்கொண்டிருந்தது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பாயும் கயிறும் காற்றும் அந்தத் தண்ணீரில் எப்போதும் விளையாட்டுப் பொருள்களாக இருந்ததில்லை என்பதை மறந்துவிட்டுப் படகில் ஏறவும் முடியவில்லை.

படகு இருந்தது ஸ்பா ஓடைக்கு அக்கரையில், ஈஸ்ட்போர்ட்டில். ஈஸ்ட்போர்ட்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1998-இல் ஓடைப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, "இனி நாங்கள் தனி நாடு" என்று கேலியாகச் சுதந்திரப் பிரகடனம் செய்து, கொடியும் ஏற்றிவிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஓடைக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாக நின்று கயிறிழுக்கிறார்கள். விளையாட்டு என்று தெரிந்தே முழுமூச்சாக இழுக்கும் ஊர். புதன்கிழமைப் பந்தயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது.

படகு ஜே/30 வகை, முப்பதடி நீளம். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஜே/24. ராட் ஜான்ஸ்டன் என்பவர் கனெக்டிகட்டில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு படகைக் கட்டினார். அது பந்தயங்களில் ஜெயித்ததும் 1977-இல் ஜே போட்ஸ் நிறுவனம் பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் ஜே/30 வந்தது. எங்கள் படகுக்கு வயது நாற்பதுக்கு மேல். தளத்தில் வெள்ளைப் பூச்சு மங்கி, கயிற்றைச் சுற்றி இறுக்கும் வின்ச்சுகளின் கைப்பிடிகள் தேய்ந்து பளபளத்தன. பணக்காரர்களின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு இது ஆறுதலாக இருந்தது. பெரும் பணம் போட்டவர்களும் அந்த ஓடையில் இருக்கிறார்கள், இல்லாமல் இல்லை. ஆனால் முப்பதடிப் பழைய படகை ஒருவர் தனியாகப் பந்தயத்தில் ஓட்ட முடியாது. ஆறேழு பேர் வேண்டும், வாரம் தவறாமல் வேண்டும், சம்பளம் இல்லாமல் வேண்டும். எனவே படகுச் சொந்தக்காரர்தான் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் மருத்துவர் அவர்களுக்காக வான்கோழி சாண்ட்விச்சும் குளிர்பெட்டி நிறைய பீரும் சுமந்துகொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிறார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கயிறு. முன்தளத்தில் ஒரு செவிலி. இரவு வேலையை முடித்துவிட்டுப் பகலில் தூங்கி எழுந்து வந்திருந்தாள். பாய்மரத்தடியில் பள்ளிக்கூட இயற்பியல் வாத்தியார். நடுவில், எல்லாப் பாய்களின் ஏற்று கயிறுகளும் வந்து சேரும் இடத்தில், எழுபதை நெருங்கும் ஒரு கணக்காளர் அம்மா. பெரிய பாய்க்கு ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். அவர் பேசி நான் கேட்டது மொத்தம் ஐந்தாறு சொற்கள். முன்பாய்க்கு என் நண்பன். விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்தில் குற்றாலத்துக்குப் போனாலும் அருவிப் பக்கம் போகாமல் துணிக்குக் காவல் இருப்பான். இன்றைக்கும் அவனுக்கு நீச்சல் சுமார்தான். "அதற்குத்தான் மிதவைச் சட்டை இருக்கிறதே" என்றான்.

சுக்கானைப் பிடித்தபடி மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் எடை என்ன?"

எண்பத்திரண்டு கிலோ என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. எந்த மருத்துவரும் என் எடையைக் கேட்டு அப்படிச் சிரித்ததில்லை. காரணம் எளியது. காற்றுக்கு எதிராகப் போகும்போது பாய் படகை ஒருபக்கமாகச் சாய்க்கும். சாய்ந்தால் வேகம் குறையும், சுக்கானும் பிடி இழக்கும். ஆகவே காற்று வரும் பக்கத்து விளிம்பில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, உடம்பை முடிந்தமட்டும் கடல் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். படகு மூன்று டன்னுக்குச் சற்று மேல்; ஏழு பேர் சேர்ந்தால் அரை டன். அந்த அரை டன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் பாதிப் பந்தயம். தொண்டிப் பக்கத்துப் பாய் வத்தைகளில் குறுக்கே பலகையை நீட்டி, அதன் நுனிவரை ஆள் ஏறிப்போய்ப் படகைச் சமன் செய்வது இதே கணக்குத்தான். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதையெல்லாம் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். சோற்றுக்குக் கேடு, பூமிக்குப் பாரம் என்று சின்ன வயதில் திட்டு வாங்கிய எவரும் ஒருமுறை இந்த விளிம்பில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆறு மணிக்கு மேல், செவர்ன் முகத்துவாரத்தில் படகுகள் வட்டமடிக்கத் தொடங்கின. நூற்றுக்கு மேல் இருக்கும் என்று பட்டது. வகைக்கொரு தொடக்க நேரம். தொடக்கக் கோடு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது; பந்தயத்தை நடத்தும் குழுவின் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே மனதால் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓர் ஒலி, ஒரு கொடி, நாலு நிமிடத்தில் ஒன்று, ஒரு நிமிடத்தில் ஒன்று, பிறகு தொடக்கம். படகுக்கு பிரேக் கிடையாது. முன்னால் வந்துவிட்டால் நிற்க வழியில்லை, கோட்டைத் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே கடைசி ஒரு நிமிடத்தில், மூன்று டன் எடையுள்ள பத்துப் பன்னிரண்டு படகுகள் கைநீட்டினால் தொடும் தூரத்தில், ஒன்றன் காற்றை ஒன்று திருடிக்கொண்டு ஊர்கின்றன. கணக்காளர் அம்மா விநாடிகளைச் சத்தமாக எண்ணினார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. சற்று முன்புவரை சாண்ட்விச்சில் கடுகு அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

தெற்கிலிருந்து 14 நாட் காற்று, அதாவது மணிக்கு 14 கடல்மைல். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகை சாய்வில் இப்படியும் அப்படியுமாகக் குறுக்கு வெட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் தலைக்குமேல் கடக்க, நாங்கள் குனிந்து மறுவிளிம்புக்கு ஓடினோம். இங்கேதான் நான் அந்தக் குழுவை உற்றுப் பார்த்தேன். மருத்துவர் "திரும்பலாமா?" என்று பாதி கேட்பதற்குள் நண்பனின் கை வின்ச்சில் இருந்தது. கடற்படைக்காரர் தோளை லேசாக உயர்த்தினால் காற்று திசை மாறப்போகிறது என்று அர்த்தமாம். அவருக்குக் கல்யாணம் ஆனதா என்றுகூட நண்பனுக்குத் தெரியாது; தோளை மட்டும் தெரியும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு படகு எங்கள் முன்னால் கடக்கப் பார்த்தது. வலப்பக்கத்தில் காற்று வாங்கும் படகுக்கே வழி என்பது அடிப்படை விதி; நாங்கள்தான் வலப்பக்கம். "ஸ்டார்போர்ட்!" என்று மருத்துவர் கத்தினார். அவர்கள் தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார்கள். சுக்கானை நாங்கள் இழுத்து ஒதுக்கியிருக்காவிட்டால் விலா எலும்பில் மோதியிருக்கும். "புரொட்டஸ்ட்!" என்று இங்கிருந்து இன்னொரு கூச்சல். அடுத்து நடந்ததுதான் எனக்கு விசேஷம். அந்தப் படகு கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போய், தானாகவே இரண்டு முழு வட்டம் சுற்றிவிட்டு, கடைசி ஆளாகப் பந்தயத்தைத் தொடர்ந்தது. தண்ணீரில் நடுவர் கிடையாது. விதியை மீறியவர் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் விதிப்புத்தகமே தொடங்குகிறது. அம்பயர் விரலைத் தூக்கும்வரை நகராத கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகக்கூடத் தோன்றியது.

காற்று வரும் பக்கத்தில் இருந்த மிதவையைச் சுற்றியதும் காற்று முதுகுக்கு வந்துவிட்டது. சத்தம் சட்டென்று அடங்கி, வெக்கை தெரிந்தது. இப்போது ஸ்பின்னக்கர் என்கிற வண்ணப் பலூன் பாயை விரிக்க வேண்டும். செவிலி முன்னால் தாவி அதற்கான கழியை மாட்டினாள், வாத்தியார் இழுத்தார், பாய் பாதி ஏறியதும் நடுவில் பிழிந்த வேட்டி மாதிரி முறுக்கிக்கொண்டது. அது அவிழும்வரை மூன்று படகுகள் எங்களைக் கடந்தன. யாரும் யாரையும் திட்டவில்லை. கணக்காளர் அம்மா மட்டும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி, அதை ஒரு சிணுங்கலோடு விரிய வைத்தார்.

அவரைப் பற்றி நண்பன் விளிம்பில் உட்கார்ந்தபடியே சொன்னான். முந்தின கோடையில் அவருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. தேறி வரும்வரை அந்த இடத்துக்கு வேறு ஆள் போடலாம் என்று யாருமே சொல்லவில்லையாம். ஓர் ஆள் குறைவாகவே ஓட்டி, வாரா வாரம் ஒழுங்காகத் தோற்றிருக்கிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். யோசித்தான். "இல்லைடா. தோன்றவே இல்லை."

நம் பக்கத்தில் இதை உறவு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து வராதவனை அப்புறம் வீட்டுப் படி ஏற விட மாட்டார்கள். எனக்கும் அந்தப் பதில் உறுத்தத்தான் செய்தது. ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த நாட்டில் இருக்கும் நண்பன் இன்னொன்றும் சொன்னான். எங்கே போனாலும் எந்த ஊர், எப்போது வந்தாய், திரும்பிப் போவாயா என்று கேட்பார்கள்; நம் தமிழ்ச் சங்கத்தில் அதோடு எந்தக் கல்லூரி, எந்தக் கம்பெனி, பையன் என்ன படிக்கிறான். இந்தப் படகில் மட்டும் முன்பாயை எப்போது இறுக்குவாய் என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. இறுக்கினால் போதும்.

பந்தயம் முடிவது ஸ்பா ஓடைக்குள், அதை நடத்தும் படகுக் கிளப்பின் கட்டிடத்துக்கு முன்னால். அதுதான் இந்த ஊர்ப் பந்தயத்தின் அழகும் வில்லங்கமும். பொழுது சாயச் சாயத் தெற்குக் காற்று இளைத்துவிடும். மிச்சத்தைக் கரையோரக் கட்டிடங்கள் தின்றுவிடும். பாலத்திலும் துறையிலும் வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்ட, அரை மணி முன்பு நுரை பறக்கப் பாய்ந்த படகுகள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று தெரியாத வேகத்தில் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. "அசையாதே" என்று உத்தரவு. இருமல்கூட அடக்கிக்கொண்டோம். முன்னே போன மூன்றில் ஒன்றை மட்டும் கோட்டருகே தாண்டினோம். ஒலி கேட்டதும் மருத்துவர் குளிர்பெட்டியைத் திறந்தார்.

இரவு ஈஸ்ட்போர்ட் உணவகம் ஒன்றில் அன்றைய பந்தயத்தின் படத்தையே பெரிய திரையில் ஓட்டினார்கள். எங்கள் ஸ்பின்னக்கர் முறுக்கிக்கொண்ட காட்சி வந்தபோது கடை முழுக்க ஊளையிட்டது. செவிலி எழுந்து நின்று வணங்கினாள். விதி மீறிய படகின் சொந்தக்காரர் எங்கள் மேசைக்கு வந்து, உப்பும் மிளகாயும் தூவி அவித்த நீல நண்டுகளைக் காகிதம் விரித்துக் கொட்டினார். மரச் சுத்தியலால் ஓட்டை உடைத்துக்கொண்டே, எத்தனை அடி இடைவெளி இருந்தது என்று மருத்துவரும் அவரும் வாதாடினார்கள். நண்டு தீர்ந்தது. வாதம் தீரவில்லை.

கிளம்பும்போது மருத்துவர் என் தோளைத் தட்டி, "அடுத்த புதன் வருகிறீர்கள்தானே?" என்றார். அதற்குள் ஊருக்குப் போய்விடுவேன் என்று நண்பன் சொன்னான். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. கைபேசியை எடுத்து அடுத்த வார வானிலையைத் தேடினார். நாலு நாட், மிஞ்சினால் ஐந்து நாட் காற்று. அவ்வளவு மெல்லிய காற்றில் விளிம்பில் கூடுதலாக உட்காரும் ஒவ்வொரு கிலோவும் படகுக்கு நஷ்டம்.

"அப்படியானால் பரவாயில்லை. பத்திரமாகப் போய் வாருங்கள்" என்று கைகுலுக்கினார்.