அகிஹபராவில் 30 யென் கார்டு

டோக்கியோவின் அகிஹபரா ஸ்டேஷனில் ‘எலெக்ட்ரிக் டவுன்’ என்று பலகை காட்டும் வழியாக வெளியே வந்தால், நாலு எட்டு வைப்பதற்குள் ரேடியோ கைகான் கட்டடம் வந்துவிடும். 10 மாடி. பெயரில்தான் ரேடியோ இருக்கிறது. உள்ளே ஏறினால் பொம்மைக் கடை, காமிக்ஸ் கடை, அதற்கும் மேலே கார்டு கடைகள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு 2014-ல் புதிதாகத் திறந்தார்கள்.

பெயருக்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இந்தத் தெருக்களில் ரேடியோ உதிரி பாகக் கடைகள் முளைத்தன. முழு ரேடியோ வாங்க வசதியில்லாதவர்கள் ஒரு கடையில் வால்வு, இன்னொரு கடையில் காயில் என்று பொறுக்கி வாங்கிப் போய் வீட்டிலேயே அசெம்பிள் செய்துகொண்டார்கள். தெருக்கடை கூடாது என்று உத்தரவு வந்ததும் வியாபாரிகள் ரயில் பாலத்துக்கு அடியில் இடம் பிடித்தார்கள். ஒரு ஆள் நிற்கும் அகலத்தில், ரெசிஸ்டரும் ஸ்விட்சும் விற்கும் கடைகளை இன்றும் அங்கே பார்க்கலாம். மாடியில் கார்டு வாங்க வரும் பிள்ளைகள் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

போகிமான் கார்டு விளையாட்டு ஜப்பானில் வெளியானது 1996 அக்டோபரில். நம் ஊரில் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போகிமான் வட்டத் தகடு தேடிய தலைமுறைக்கு அந்தப் பெயர் புதிதல்ல. இங்கே விஷயம் தகடு சேர்ப்பதோடு நிற்பதில்லை. 60 கார்டுகளை ஒரு கட்டாகச் சேர்க்க வேண்டும்; ‘டெக்’ என்பார்கள். கலைத்து, 7 கார்டைக் கையில் எடுத்து, 6 கார்டைப் பரிசாக ஒதுக்கி வைக்க வேண்டும். எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போதெல்லாம் பரிசுக் கார்டு கைக்கு வரும். ஆறையும் முதலில் எடுத்தவருக்கு வெற்றி.

புதிதாக வரும் பிள்ளை பெரும்பாலும் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஆரம்பக் கட்டோடுதான் வருகிறது. விளையாட்டைக் கற்றுக்கொள்ள அது போதும். நாலு ஆட்டம் தோற்றதும் ‘பலமான கார்டு வேணும்’ என்று அடம் ஆரம்பிக்கும். கடை வாசல் கண்ணாடி அலமாரியில் தங்க ஓரம் வைத்த, படம் கார்டு முழுக்கப் பரவிய அழகுக் கார்டுகள் பளபளக்கும். சிலவற்றின் விலைச் சீட்டில் லட்சம் யென்னைத் தாண்டிய எண் இருக்கும். 1 யென் சுமார் 60 பைசா என்று மனக்கணக்குப் போடும் அப்பாவுக்கு அங்கேயே தலை சுற்றிவிடும்.

ஆனால் அந்த விலை ஆட்டத்துக்கானது அல்ல, படத்துக்கும் அபூர்வத்துக்கும்தான். ‘ஹைப்பர் பால்’ என்று ஒரு கார்டு. ஆங்கிலத்தில் இதற்கு ‘அல்ட்ரா பால்’ என்று பெயர். கையிலுள்ள 2 கார்டைக் கழித்துவிட்டு, கட்டிலிருந்து வேண்டிய போகிமானைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். தங்க நிறத்தில் அச்சானதும் அதைத்தான் செய்கிறது, சாதாரணமாக அச்சாகி சில பத்து யென்னுக்குக் கிடைப்பதும் அதைத்தான் செய்கிறது. எதிராளியின் பின்வரிசைப் போகிமானை முன்னால் இழுத்து வரும் ‘பாஸின் உத்தரவு’ம் அப்படித்தான். போட்டியில் வெல்லும் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் கணிசமான பகுதி இப்படிப்பட்ட வேலைக்காரக் கார்டுகள்தான்.

அவை கிடக்கும் இடம் கடையின் உட்பக்கம். நீள நீளமான அட்டைப் பெட்டிகளில், நூலக அட்டவணை போல நெருக்கி அடுக்கியிருப்பார்கள். 10 யென், 30 யென், 50 யென் என்று பெட்டி மேல் எழுதியிருக்கும். அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமே இருக்காது. ஆபீஸ் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பெரியவர்களும் விரலால் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார்கள்.

என்ன தேடுகிறார்கள்? ஆரம்பக் கட்டின் பெரிய குறை, எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு இருப்பது. ஒரே பெயரில் 4 கார்டு வரை வைக்க விதி அனுமதிக்கிறது. 60-ல் ஒன்றே ஒன்று இருந்தால், முதல் 7-ல் அது வருவது 100 ஆட்டத்தில் 12 தடவைதான். நாலு வைத்தால் 40 தடவை வரும். இது தெரிந்தவர் முதலில் ஒரே ஒரு முக்கியப் போகிமானைத் தேர்ந்தெடுத்து, அதையும் அதற்குத் துணை நிற்பவற்றையும் மூன்று நாலாக ஏற்றுவார். சும்மா ஒண்டியிருக்கும் நாலைந்து ரகப் போகிமானை வெளியே எடுத்துவிடுவார். தேவைக்கு மேல் அடைத்திருக்கும் எனர்ஜி கார்டில் சிலவற்றையும் கழிப்பார். காலியான இடத்தில் கார்டு இழுக்க உதவுபவை, தேடித் தருபவை, ஆளை மாற்றும் ‘ஸ்விட்ச்’ ஆகியவை வந்து உட்காரும். கட்டின் தலைவன் மாறவே இல்லை. ஆனால் அவன் இப்போது நேரத்துக்கு வருகிறான்!

செலவைப் பார்க்கலாம். கையில் 2,000 யென் இருக்கிறது. 5 கார்டு கொண்ட சாதாரணப் பாக்கெட் 180 யென் என்று வைத்துக்கொள்வோம். 11 பாக்கெட் வாங்கினால் 55 கார்டு வரும். அதில் என்ன வரும் என்பது பிரித்தால்தான் தெரியும். லாட்டரிச் சீட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. அதே பணத்துக்குப் பெட்டியில், சராசரி 60 யென் என்று வைத்தாலும், 30-க்கு மேல் கார்டு பொறுக்கலாம். அத்தனையும் வேண்டிய கார்டு. கட்டில் பாதியையே மாற்றிவிடலாம். பாக்கெட் பிரிக்கும் சுகமே வேறு என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது.

பெட்டியில் பொறி ஒன்று உண்டு. கார்டின் கீழ் இடது மூலையில் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பழைய எழுத்துகள் காலப்போக்கில் வழக்கமான போட்டிகளிலிருந்து விலக்கப்படும். 10 யென்னுக்குக் கிடக்கிறதே என்று அள்ளிக்கொண்டு போனால் ஆட முடியாமல் போகலாம். இதிலேயே ஒரு சலுகையும் இருக்கிறது: அதே கார்டு புதிய எழுத்தோடு மறுபடி அச்சாகியிருந்தால் பழைய அச்சும் செல்லும். ‘ஸ்விட்ச்’ போன்றவை திரும்பத் திரும்ப அச்சாகின்றன. விவரமானவர்கள் பழசாகப் பார்த்து எடுக்கிறார்கள். ஓரம் தேய்ந்தது, கீறல் விழுந்தது என்று தனியே வைத்திருக்கும் கார்டுகள் இன்னும் மலிவு. பின்பக்கம் தெரியாத உறைக்குள் போட்டுவிட்டால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை.

டோக்கியோவில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாயில் தமிழ் வீடுகளும் உண்டு. தோசாய் லைனில் ஏறி, கயாபாச்சோவில் ஹிபியா லைனுக்கு மாறினால் அகிஹபரா. அங்கேயே பள்ளி போகும் பிள்ளைக்கு ஜப்பானிய மொழிக் கார்டு பிரச்னையில்லை. சுற்றுலா வந்து ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். இந்தியா போல ஆங்கிலக் கார்டு புழங்கும் நாடுகளின் அதிகாரப்பூர்வப் போட்டிகளில் ஜப்பானியக் கார்டு செல்லாது. வீட்டில் அண்ணன் தம்பி ஆட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பாக்கெட்டில் தப்பித்தவறி விலையுயர்ந்த அழகுக் கார்டு விழுந்தால்? கடைகளே வாங்கிக்கொள்ளும். விற்க அடையாள அட்டை கேட்பார்கள். சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு, வரும் பணத்தில் கட்டுக்கு வேண்டிய அத்தனையையும் வாங்கிவிடலாம். அதற்கு மனசு வராமல் கவுன்ட்டர் முன்னால் நின்று கார்டையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் பிள்ளைகளை எந்த ஊரிலும் காணலாம்.

வாங்கியதைச் சோதிக்க வெகுதூரம் போக வேண்டாம். பல கடைகளில் மேஜை போட்டு ஆட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘ஜிம் பேட்டில்’ என்ற சிறு போட்டிகளும் கடைகளில் நடக்கும். பள்ளிப் பையனுக்கு எதிரே டை கட்டிய ஆபீசர் உட்காருவார். இருவரும் தலை தாழ்த்தி ‘ஒனெகாய்ஷிமஸ்’ என்று சொல்லிவிட்டுக் கலைக்க ஆரம்பிப்பார்கள்.

ஞாயிறு மதியம் 1 மணிக்கு மேல் பிரதான சாலையான சுவோ தோரியில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் பிள்ளைகளோடு நடக்க வசதி. ரேடியோ கைகானில் இரவு 8 மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள். பெட்டியில் தேட ஒரு மணி நேரமாவது பிடிக்கும் என்பதால் மாலைக்கு முன்பே மாடி ஏறிவிடுவது நல்லது.