பின்சக்கரத்தின் ஓசை

எங்கள் வீட்டுக் கொட்டகையில் 1964ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஜீப் வண்டியொன்று நிற்கிறது. எங்கள் தந்தையார் அதை 1979இல் பழைய வண்டியாக வாங்கினார். இவ்வகை ஜீப்பை அமெரிக்க நாட்டு வில்லிஸ் நிறுவனத்தார் 1953இல் வெளியிட்டனர். நம் நாட்டில் 1947 முதலே வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்றுவந்த மகிந்திரா நிறுவனத்தார் இவ்வகையையும் பம்பாயில் செய்தளித்தனர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலமே உள்ள அச்சிறு வண்டிதான், தாண்டிக்குடி மலைச்சரிவிலிருந்த எங்கள் தோட்டத்து வாழைத் தார்களையும் காப்பி மூட்டைகளையும் சுமந்து, எங்கள் குடும்பத்தையும் சுமந்தது.

அண்ணன் தம்பியாகிய நாங்கள் இருவரும் 2022ஆம் ஆண்டில் அந்த வண்டியின் இரு ஆக்சில்களையும் ஸ்பிரிங் பட்டைகளையும் மாற்றினோம். வண்டியைச் சீர்செய்யத் தொடங்கிய வேலை, முப்பத்தைந்து ஆண்டுகளாக எங்களுக்குள் பூட்டிவைத்திருந்த ஒன்றையும் திறந்துவிட்டது. அதையே இங்கே எழுதுகிறோம்.

1987ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மழை விட்டு ஓய்ந்த ஒரு பிற்பகலில் தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். தந்தையார் வண்டியை ஓட்ட, அன்னையார் எங்கள் சிறு தங்கையை மடியில் வைத்துக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தார். நாங்கள் பின்னால் வாழைத் தார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். மண்பாதை செங்குத்தாய் இறங்கும் ஒரு வளைவில் படீரென்று ஓர் ஓசை எழுந்தது. எங்கள் கண்ணெதிரே இடப்புறப் பின்சக்கரம் தன் டிரம்மோடு கழன்று, வண்டியை முந்திக்கொண்டு உருண்டோடிப் பள்ளத்தில் விழுந்தது.

தந்தையார் பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரை சென்றது. டிரம் போனவுடன் உள்ளிருந்த பிரேக் கட்டைகள் கட்டின்றி விரிய, எண்ணெய் முழுவதும் வெளியே கொட்டிவிட்டது. அக்கால வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் வழி ஒன்றே. ஒன்றில் போனால் நான்கிலும் போகும். கைப்பிரேக்கும் இவ்வகை ஜீப்பில் சக்கரத்தில் இல்லை. கியர்ப் பெட்டியிலிருந்து பின்னே செல்லும் தண்டின் தலைப்பில் உள்ளது. ஒரு பக்கத்து ஆக்சில் ஷாப்ட் முறிந்துவிட்டால் அந்தப் பிடி முறிந்த பக்கத்திலேயே வீணாய்ச் சுழன்று போகுமேயன்றி, மறுபக்கச் சக்கரத்தைச் சென்று பற்றாது.

எங்களைக் காத்தது தந்தையாரின் ஒரு பழக்கம். மண்சரிவில் இறங்கும்போதெல்லாம் அவர் முன் ஆக்சிலையும் இணைத்து, மெதுகியரில்தான் இறங்குவார். அன்றும் அவ்வாறே இணைத்திருந்தார். ஆகவே இயந்திரத்தின் பிடி முன்சக்கரங்களின் வழியாக வண்டியை இழுத்து நிறுத்த முயன்றது. சக்கரமற்ற மூலை மண்ணை உழுதுகொண்டே சென்று, பாதையோரத்து மேட்டில் வண்டி சாய்ந்து நின்றது. தங்கையின் நெற்றியில் ஒரு கீறல் தவிர வேறு காயமில்லை.

அவ்வண்டியில் பின்சக்கரத்தின் ஹப், ஷாப்ட்டின் கூம்பிய நுனியில் செருகப்பட்டு, ‘கீ’ எனப்படும் சிறு இரும்புத் துண்டோடு ஒரே நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். நட்டு சற்றே தளர்ந்தால் ஹப் அசையும். அசைந்தால் கீ தன் பள்ளத்தை இடித்துக்கொண்டே இருக்கும். பள்ளத்தின் மூலையில் விரிசல் கண்டு, ஒருநாள் ஷாப்ட்டே முறியும். அதற்கு முன்னறிவிப்பாகப் புறப்படும்போதும் நிறுத்தும்போதும் ‘டக்’ என்றோர் ஓசை கேட்கும்.

அந்த ஓசையை நாங்கள் கேட்டிருந்தோம். ஒருநாளல்ல, நான்கு நாட்கள் கேட்டோம். பின்னால் அமர்ந்திருந்த எங்களுக்குத்தான் அது தெளிவாகக் கேட்கும். ஆயினும் சொல்லவில்லை. மறுநாள் வத்தலக்குண்டில் ஒரு திருமண வீட்டுக்குப் போவதாக இருந்தது. சொன்னால் வண்டி பட்டறைக்குப் போகும், பயணம் நின்றுபோகும் என்று அஞ்சி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்தோம். எங்களுக்கு வயது பத்தொன்பதும் பதினாறும்.

தந்தையாரோ நட்டை இறுக்கிப் பாராதது தம்முடைய குற்றமே என்று கொண்டார். “பெற்ற பிள்ளைகளைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தேனே” என்று அவர் அன்னையாரிடம் கூறியதை நாங்கள் செவியுற்றோம். அதன்பின் வண்டியை எடுக்கும்முன் நாள்தோறும் அந்த நட்டைத் தொட்டுப் பார்ப்பார். 2009இல் அவர் மறையும்வரை அப்பழக்கம் மாறவில்லை. நாங்களும் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது மூத்தவரின் மகன் வண்டியோட்டக் கற்றுவிட்டான். அவனுடைய திட்டம் பெரிது. பெரிய வண்டியொன்றின் ஆக்சிலைப் பூட்டுவது; ஆக்சிலுக்கு அடியிலிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை அதன்மேல் ஏற்றிக் கட்டி, வண்டியை ஐந்து அங்குலம் உயர்த்துவது; அகன்ற டயர்களைப் போடுவது. திண்டுக்கல்லில் முதியவரான ஒரு மேஸ்திரியிடம் அவனை அழைத்துச் சென்றோம்.

அவர் வண்டிக்கு அடியில் விளக்கைக் காட்டினார். “பார் தம்பி, இந்த வண்டியின் கியர்ப் பெட்டி முன்னுக்கும் பின்னுக்கும் தண்டை வலப்பக்கமாகவே தருகிறது. அதனால்தான் ஆக்சிலின் கூடும் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. நீ சொல்லும் ஆக்சிலுக்குக் கூடு நடுவில். தண்டு கோணலாக ஓடும். இத்தனை குட்டை வண்டியில் அதன் கிராஸ் எத்தனை நாள் தாங்கும்? வண்டியை உயர்த்தினால் அந்தக் கோணம் இன்னும் கூடும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அகலம் நான்கு அடிதான். உயரத்தைக் கூட்டினால் வளைவில் சாயும்” என்றார்.

சட்டத்தையும் எண்ணிப் பார்த்தோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைச் செய்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக அதை உருமாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. பழுதான உறுப்பை அதே இனத்து உறுப்பால் மாற்றுவது வேறு, வண்டியையே வேறாக்குவது வேறு என்று மகனுக்கு எடுத்துரைத்தோம்.

பின்னர் மேஸ்திரியே ஒரு வழி கூறினார். 1941 முதல் 1945 வரை உலகப் போருக்காகச் செய்யப்பட்ட ஜீப்பின் பின் ஆக்சில் ‘முழு மிதவை’ வகையைச் சேர்ந்தது. அதில் வண்டியின் சுமையை ஷாப்ட் தாங்குவதில்லை. ஆக்சில் குழாயின் முனையிலேயே இரு பேரிங்குகளின்மேல் ஹப் அமர்ந்திருக்கும். ஷாப்ட்டின் வேலை சுழற்றுவது மட்டுமே. அது முறிந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். இராணுவம் கழித்த வண்டியிலிருந்து எடுத்த அத்தகைய பின் ஆக்சில் ஒன்று விலைக்கு வந்தது. எங்கள் ஸ்பிரிங்குகளில் அது நேரே பொருந்தும் என்றார்.

“பின்னுக்கு மட்டும் வாங்கினால் போதுமல்லவா, சித்தப்பா?” என்று மகன் கேட்டான். போதாது. எங்கள் ஆக்சிலில் பினியனுக்கு 8 பற்கள், கிரௌனுக்கு 43. போர்க்கால ஆக்சிலில் 8க்கு 39. தண்டு நூறு முறை சுழன்றால் முன்சக்கரம் ஏறத்தாழ பதினெட்டரைச் சுற்றும், பின்சக்கரம் இருபதரைச் சுற்றும் சுழலும். இரண்டையும் இணைத்து ஓட்டினால் ஒன்றையொன்று இழுத்துத் திருகி, எங்கேனும் ஒன்று உடைந்தே தீரும். ஆகவே அதே இனத்து முன் ஆக்சிலையும் சேர்த்து வாங்கினோம். இதனால் ஏற்றத்தில் இழுவை பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த இழப்பை அறிந்தே ஏற்றோம்.

ஸ்பிரிங்குகளைக் கழற்றியபோது, தார்ச் சுமைக்காகத் தந்தையார் பின்னால் கூடுதலாகச் சேர்த்த பட்டைகள் துருவேறி ஒன்றாய் ஒட்டியிருந்தன. வளைய வேண்டியவை வளையாததால் பாதையின் ஒவ்வோர் அடியும் ஆக்சிலிலேயே இறங்கியிருக்கிறது. இப்போது ஏறுபவை தார்கள் அல்ல, மனிதர்கள். எனவே கூடுதல் பட்டைகளை நீக்கி, புதிய மெயின் பிளேட்டும் புஷ்களும் யூ-போல்ட்டுகளும் இட்டு, வண்டியின் பழைய உயரத்திலேயே நிறுத்தினோம்.

பழைய பின் ஆக்சிலை இறக்கி வைத்த அன்று, மகன் அந்தக் கூம்பிய நுனியைத் தடவிப் பார்த்து, “தாத்தா தினமும் தொட்டுப் பார்ப்பாரே, இதையா அப்பா?” என்று வினவினான். அதற்குமேல் எங்களால் மறைக்க இயலவில்லை. அவனிடம் சொன்னோம். அன்று மாலையே எண்பது வயதான அன்னையாரின் முன் அமர்ந்து, அந்த நான்கு நாள் ஓசையையும் எங்கள் மௌனத்தையும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார். கடிந்துரைக்கவில்லை. கடிந்துரைத்திருந்தால் எங்களுக்கு எளிதாய் இருந்திருக்கும்.

வேலை முடிந்து மூன்றாம் வாரம் அன்னையாரை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குச் சென்றோம். மகன் ஓட்டினான். ஐயம்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். “அப்பா, பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது” என்றான். எங்கள் காதில் ஒன்றும் விழவில்லை. இறங்கிப் பார்த்தோம். புதிய பட்டைகள் சுமையில் அமர்ந்து படிந்ததால் யூ-போல்ட் நட்டு ஒன்று சற்றே தளர்ந்திருந்தது. புதிதாய்ப் பூட்டிய வண்டியில் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் இறுக்கவேண்டும் என்று மேஸ்திரி முன்னரே எச்சரித்திருந்தார். கால் மணி நேரத்தில் இறுக்கி முடித்தோம்.

தாமதமானதற்காக மகன் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டான். அன்னையார் அவன் தலையைத் தடவி, “கேட்டவுடன் சொன்னாயே, அது போதும்” என்றார். நாங்கள் இருவரும் பின்னால், எங்கள் பழைய இடத்திலேயே ஏறி அமர்ந்தோம்.