யெஸ் டு ஆல்

எங்கள் வீட்டில் 'மாட்' என்ற வார்த்தை முதன்முதலாக ஒலித்தது 2012-ல்.

"அண்ணா, சூப்பர் மாட் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ராத்திரிக்கு இறக்கிடலாமா?" என்றான் தம்பி.

அடுக்களையிலிருந்து அம்மாவின் தலை எட்டிப் பார்த்தது. "ரெண்டாவது மாடியில மாட்டை எங்கேடா கட்டுவீங்க?"

அம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 'மாடிஃபிகேஷன்' என்பதைச் சுருக்கினால் மாட். ஒரு கம்பெனி செய்து விற்ற வீடியோ கேமை, ஆடுகிறவர்களே பிரித்து, ஒட்டி, தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வது. பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டோமே 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்', அதுகூட 1999-ல் 'ஹாஃப் லைஃப்' என்ற கேமுக்கு ரசிகர்கள் செய்த மாட்டாகப் பிறந்ததுதான். 'ஸ்கைரிம்' என்று ஒரு கேம். பனிமலை, வாள், நெருப்பு கக்கும் டிராகன் என்று பிரமாண்டம். அதில் டிராகனைத் தூக்கிவிட்டு, குழந்தைகள் பார்க்கும் 'தாமஸ்' ரயில் எஞ்சினைப் பறக்கவிட்டிருக்கிறார் ஒரு புண்ணியவான். புகை விட்டுக்கொண்டு ஆகாயத்திலிருந்து இறங்கும்!

ஸ்கைரிம் வெளியானது 2011 நவம்பர் 11. அதற்குச் சில மாதம் முன்னால்தான் அப்பா போனார். தம்பி இன்ஜினீயரிங் இரண்டாவது வருஷம். நான் பி.காம். முடித்து, ஒரு ஆடிட்டர் ஆபீசில் வவுச்சருக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தேன். தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத தம்பி, ராத்திரி பூராவும் பனிமலையில் சுற்றிக்கொண்டிருந்தான். 200 மணி நேரத்துக்கு மேல். அவனுடைய வீரனுக்கு அவன் வைத்த பெயர், அப்பாவின் பெயர். எல்.ஐ.சி. ஏஜென்ட்டாக இருந்து, தெரு நாயைக்கூடக் குடையால் விரட்டாத மனிதர், அங்கே இரும்புக் கவசத்தோடு கோடரி சுழற்றிக்கொண்டிருந்தார்.

தம்பி பத்து நாள் கல்லூரி டூர் போனான். வினை என் கையில் வந்தது.

அவன் திரும்பி வரும்போது ஊரே ஜொலிக்கவேண்டும், 'அண்ணா, நீயா செஞ்சே?' என்று அசரவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. டேட்டா கார்டைச் செருகி, ராத்திரி ராத்திரியாக ஒரு டஜன் மாட் இறக்கினேன். மரத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, மனுஷ முகத்துக்கு ஒன்று, நடைக்கு ஒன்று.

கையால் மாட் போடுவது ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. கேம் இருக்கும் இடத்தில் 'டேட்டா' என்று ஒரு ஃபோல்டர். இறக்கிய ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருப்பதை அப்படியே அதில் கொட்ட வேண்டும். 'டெக்ஸ்சர்' என்பது மேல்தோல், 'மெஷ்' உடம்பு, 'ஸ்க்ரிப்ட்' புத்தி. சில மாட்களுக்கு 'ஈ.எஸ்.பி.' என்று ஒரு ஃபைல் உண்டு; கேமுக்கு 'இப்படி ஒரு ஆசாமி வந்திருக்கான்' என்று அறிவிக்கும் ஆஜர் பட்டியல் மாதிரி. கொட்டி, ஈ.எஸ்.பி. இருந்தால் கேமின் லாஞ்சரில் அதற்கு ஒரு டிக் போட்டால் முடிந்தது ஜோலி.

சிக்கல் எங்கே என்றால், இரண்டு மாட்டில் ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் கடைசியில் வந்தவன் முந்தினவன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். முந்தினவன் போன இடம் தெரியாது. விண்டோஸ் யோக்கியமாகத்தான் கேட்டது: 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, மாற்றட்டுமா?' முதல் நாலு முறை யெஸ் அமுக்கினேன். பக்கத்திலேயே 'யெஸ் டு ஆல்' என்று ஒரு பட்டன். மனிதனுடைய பொறுமையின்மையைத் தெரிந்து வைத்தவன் செய்த பட்டன் அது. அமுக்கினேன்.

இரண்டு நாள் எல்லாம் ஜோர். மரம் பச்சைப்பசேல், தண்ணீர் பளபள. அந்தச் சந்தோஷத்தில் தம்பியின் ஆட்டத்தைத் திறந்து நானே கொஞ்சம் ஆடி, சேவ் செய்தேன். பழைய சேவ் ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஆடிட்டர் ஆபீஸ் புத்தி. 'பழைய குப்பை' என்று சுத்தம் செய்து அழித்தேன்.

மூன்றாம் நாள் கேம் திறந்தது, சேவ் திறக்கவில்லை. டப்பென்று டெஸ்க்டாப்புக்கு விழுந்தது. எந்த மாட் வில்லன் என்று தெரியவில்லை. டேட்டா ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். எதை யார் கொண்டுவந்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. தோன்றியதையெல்லாம் அழித்தேன். கடைசியில் கேமையே நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். கேம் சுத்தமாகிவிட்டது. சேவ் மட்டும் ஆகவில்லை. அது மாட்களோடு பழகிவிட்ட சேவ். அவர்களைக் காணோம் என்றதும் படுத்துவிட்டது.

வெட்கக்கேட்டைப் பாருங்கள். ஆபீசில் ஏழு ரூபாய் டீச் செலவுக்கு வவுச்சர் கேட்பவன் நான். தப்பாகப் போட்ட பதிவை ரப்பரால் அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர் செய்யவேண்டும் என்று ஜூனியர் பையன்களுக்கு வகுப்பு எடுப்பவன். அதே நான் வீட்டில் ரப்பரும் கையுமாக உட்கார்ந்து, தம்பியின் மொத்தப் பேரேட்டையும் அழித்திருக்கிறேன்.

தம்பி வந்தான். பையை இறக்கினான். உட்கார்ந்தான். நான் பின்னால் நின்றபடி விஷயத்தைச் சொன்னேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். "பரவாயில்லண்ணா" என்றான். திட்டியிருந்தால் தேவலை. அந்த ஒரே ஒரு சேவ் ஃபைலைப் பென் டிரைவில் காப்பி செய்துகொண்டான். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஸ்கைரிம் என்ற பேச்சே இல்லை.

வருஷங்கள் ஓடின. அவன் சிங்கப்பூரில் வேலைக்குப் போனான். போன தீபாவளிக்கு வந்தவன், என் லேப்டாப்பை மடியில் வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தான்.

"என்னடா?"

"மாட் மேனேஜர். 'மாட் ஆர்கனைசர்'னு பேரு. இங்கே வந்து உட்காருண்ணா."

உட்கார்ந்தேன். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இந்த மேனேஜர், டேட்டா ஃபோல்டரில் கையே வைப்பதில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனி ஃபோல்டர், ஆபீசில் பார்ட்டிவாரியாக ஃபைல் போடுவது போல. கேமை மேனேஜர் வழியாகத் திறக்கும்போது மட்டும், எல்லாம் டேட்டா ஃபோல்டரிலேயே இருப்பதுபோல் கேமுக்கு ஒரு கண்கட்டு வித்தை காட்டுகிறது. கேமை மூடினால் வித்தையும் முடிந்தது. ஒரிஜினல் அப்படியே கற்புடன் இருக்கிறது. வேண்டாத மாட்டை நீக்க, பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்தால் போதும். ஆகா, எதிர்ப்பதிவு! ('வோர்டெக்ஸ்' என்று இன்னொரு மேனேஜர் உண்டு. அது மாட்களைத் தனி இடத்தில் வைத்துக்கொண்டு, கேம் ஃபோல்டருக்கு இணைப்பு மட்டும் கொடுக்கும். திரும்ப எடுக்கவும் அதற்குத் தெரியும்.)

தம்பி பென் டிரைவைச் செருகினான். எனக்குத் தொண்டை அடைத்தது. அதே சேவ். மேனேஜரில் அதன்மேல் மவுஸைக் கொண்டுபோனதும் ஒரு பட்டியல் விரிந்தது: இந்த சேவுக்கு வேண்டிய, இப்போது இல்லாத ஈ.எஸ்.பி.க்கள் இன்னின்ன! நான் எழுதி வைக்காத கணக்கை அந்த ஃபைலே எழுதி வைத்திருக்கிறது. மரம், தண்ணீர் மாதிரி வெறும் மேல்தோல் மாட்களுக்கு ஈ.எஸ்.பி. கிடையாது, அவை பட்டியலில் வராது. அவற்றால் பாதகமுமில்லை.

ஒவ்வொன்றாகத் தேடி இறக்கினான். போட்டான். கேம் டப்பென்று விழுந்தது.

"பார்த்தியா, இதுவும் அப்படித்தான்" என்றேன்.

"இருண்ணா." பாதி மாட்டுக்கு டிக்கை எடுத்தான். மறுபடி திறந்தான். பிறகு அதில் பாதி. குற்றவாளியைச் சந்து சந்தாக மடக்கும் போலீஸ் மாதிரி. கடைசியில் இரண்டு மாட் மிஞ்சின. இரண்டின் பக்கத்திலும் குட்டியாக மின்னல் அடையாளம். இருவரும் ஒரே ஃபைலுக்குச் சண்டை போடுகிறார்கள் என்று அர்த்தம். அது எலும்புக்கூடு ஃபைல். நடைக்கு வந்த மாட் கொண்டுவந்த எலும்புக்கூட்டை, பின்னால் வந்த மாட் மிதித்திருக்கிறது. அன்றைக்கு என் யெஸ் டு ஆலில் விழுந்த உயிர் அதுதான். தம்பி ஒன்றை இழுத்து மற்றதற்குக் கீழே விட்டான். அவ்வளவே.

மேனேஜர் சர்வரோக நிவாரணி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 'ஸ்கைரிம் ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டர்' என்று ஒன்று உண்டு, பல பெரிய மாட்களுக்கு அதுதான் அஸ்திவாரம். அதன் முக்கியமான பாகங்கள் கேமின் எக்ஸிகியூட்டபிள் பக்கத்திலேயே உட்காரவேண்டும். அதை இன்றும் பலர் கையால்தான் வைக்கிறார்கள். கேமை ஆடும் நடுவில் ஸ்க்ரிப்ட் உள்ள மாட்டை நீக்கினால், அதன் மிச்சம் சேவ் ஃபைலுக்குள் தங்கிவிடும். எந்த மேனேஜரும் அதைத் துடைத்துத் தராது. ஒன்றிரண்டு மாட் போதும் என்பவர் டேட்டா ஃபோல்டருக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கையாலேயே தாராளமாகப் போடலாம். பத்தைத் தாண்டினால் மேனேஜர். எதுவானாலும் முதலில் சேவுக்குக் காப்பி. ஒன்றும் மூன்றும் நான் 200 மணி நேரம் கொடுத்து வாங்கிய புத்தி, உங்களுக்கு இலவசம்.

சேவ் திறந்தது.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. மலைச்சரிவில், நான் விட்டுவைத்த அதே இடத்தில், கவசத்தோடு அவர் நின்றுகொண்டிருந்தார். ஓரத்தில் பெயர். தம்பி ஒன்றும் பேசவில்லை. நாலடி நடக்கவிட்டான், நிறுத்தினான்.

அம்மா முறுக்குத் தட்டோடு வந்தவள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். பெயரைப் படித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"ஏண்டா, இவ்வளவு பனி பெய்யுதே, அவருக்கு ஆகாதுன்னு தெரியாதா? ஒரு மஃப்ளராவது சுத்தி விடக்கூடாதா?"

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். "அதுக்கும் மாட் இருக்கும்மா."

"மேனேஜர்ல போடு" என்றேன் நான்.